முதியோர் இல்லத்தில் யாருக்கு இடம்?

சமூக நலத்துறை நடத்தும் 'ரூமா ஸ்ரீ கெனாங்கான்' முதியோர் இல்லங்களில் சேர 60 வயது ஆகியிருந்தால் மட்டும் போதாது. வாரிசோ வீடோ இருக்கக்கூடாது, தொற்றுநோய் கூடாது, தன் வேலைகளைத் தானே செய்துகொள்ள வேண்டும். நோயில் படுத்துவிட்ட ஆதரவற்றோருக்குக் கோலகுபு பாருவில் 'ரூமா எஹ்சான்' உண்டு.

தோட்டத்து லயத்தை விட்டுக் கிள்ளான் பக்கம் மலிவுவிலை அடுக்குமாடிக்கு வந்தவர்கள் பலர் இந்த இரண்டிலும் சேர மாட்டார்கள். பிள்ளை இருக்கிறார், பகலெல்லாம் வேலையில். மின்தூக்கி இல்லாத நான்காம் மாடியில் முழங்கால் வலியோடு அம்மா தனியாக.

வசதி குறைந்த குடும்பமென்றால் முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். 500 வெள்ளியாக இருந்தது, 2025 முதல் மாதம் 600 வெள்ளி. பகல்பொழுதுக்கு 'பாவே' எனும் முதியோர் நடவடிக்கை மையங்கள் உள்ளன. படி இறங்க முடியாதவருக்கு அதுவும் தூரம்தான். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள், அல்லது 15999-க்கு அழையுங்கள்.