தோல் சொல்லும் சாட்சி

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளியை எட்டினால் கர்நாடகம். பெங்களூரில் குழந்தைக்கு ஒவ்வாமைப் பரிசோதனை செய்து திரும்பும் பெற்றோர் சிலர், முடிவுத்தாளில் கண்ட பால், முட்டை, வேர்க்கடலை அனைத்தையும் உடனே விலக்கிவிடுகிறார்கள். அந்தத் தாளை எவ்வளவு நம்பலாம்?

'அலர்ஜி' என்ற சொல்லை 1906-ல் உருவாக்கியவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் பிர்கே. 1921-ல் பிராஸ்னிட்ஸ், மீன் ஒவ்வாத தன் சகா கூஸ்ட்னரின் குருதிநீரைத் தன் தோலில் செலுத்தி, மறுநாள் அதே இடத்தில் மீன்சாற்றை ஏற்றினார். தோல் தடித்தது. அதற்குக் காரணமான ஐஜிஇ என்ற எதிர்ப்புரதம் 1960-களில் அடையாளம் காணப்பட்டது. இன்றைய தோல்குத்துச் சோதனையும் ரத்தச் சோதனையும் தேடுவது அதைத்தான்.

ஆனால் ஐஜிஇ இருப்பது வேறு, உண்டால் நோய் வருவது வேறு. கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடந்து 2016-ல் வெளியான யூரோப்ரிவால் ஆய்வில், 26.5 சதவீதத்தினரிடம் ஏதேனுமோர் உணவுக்கு எதிரான ஐஜிஇ இருந்தது. ஒவ்வாமை உடையோராகக் கருதத்தக்கவர் 1.2 சதவீதமே. பள்ளிக் குழந்தைகளில் அவ்வாறு கருதத்தக்கவர் 0.14 சதவீதமே என்றது 2020-ல் வந்த கட்டுரை. பால்சர்க்கரை செரியாமையோ ஐஜிஇ சார்ந்ததே அல்ல. அதற்கு மூச்சில் ஹைட்ரஜனை அளக்கும் சோதனை தனியே உண்டு.

எனவே எதை உண்டபின், எவ்வளவு நேரத்தில், என்ன நேர்ந்தது என்ற விசாரணையே முதற்சோதனை. ஐயம் நீங்காவிடில், மருத்துவமனைக் கண்காணிப்பில் அவ்வுணவைச் சிறுகச்சிறுகக் கொடுத்துப் பார்ப்பதே இறுதிச்சோதனை. வீட்டில் முயலத்தக்கதன்று, உண்மையான ஒவ்வாமை உயிரையே பறிக்கக்கூடும். தேவையின்றிப் பாலும் முட்டையும் மறுக்கப்படும் குழந்தையோ தன் வளர்ச்சியை இழக்கிறது.