எல்லிஸ்: ஒரு குடும்பப்பெயர், பல குடிவழிகள்

ஆங்கிலக் குடும்பப்பெயர்களை ஆராய்வோர் சிலர், வேர்ச்சொல் கிடைத்ததும் அப்பெயர் தாங்கிய அனைவரையும் ஒரே மரபில் சேர்த்துவிடுகின்றனர். எல்லிஸ் என்னும் பெயரின் வரலாறு இதற்கு இடம் தரவில்லை.

பெயரின் முதன்மை மூலம் தெளிவானது. எபிரேய இறைவாக்கினர் எலியாவின் பெயர் கிரேக்கத்தில் எலியாஸ் ஆகி, இடைக்கால இங்கிலாந்தில் எலிஸ் என வழங்கியது. சிலுவைப்போர்க் காலத்தில் பிள்ளைகளுக்கு இப்பெயரை விரும்பி இட்டனர். நார்மானியர் வெற்றிக்குப் பிந்தைய நூற்றாண்டுகளில் பரம்பரைப் பெயர்கள் நிலைபெறத் தொடங்கியபோது, எலிஸ் என்பவரின் மக்கள் ஊர்தோறும் தனித்தனியே எல்லிஸ் ஆயினர். ஒருவருக்கொருவர் உறவே இல்லாத குடும்பங்கள் இவை.

வேல்ஸில் நிலைமை இன்னும் சிக்கலானது. லாங்கோலென் அருகே எலிசெக் தூண் நிற்கிறது. 9ஆம் நூற்றாண்டில் போவிஸ் மன்னர் ஒருவர் தம் கொள்ளுப்பாட்டனார் எலிசெத்தின் நினைவாக நட்ட கல் அது. எலிசெத் என்னும் இத்தூய வேல்ஸ் பெயரும் காலப்போக்கில் எல்லிஸோடு கலந்துவிட்டது. எலியாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 'மகன்' என்று பொருள்படும் 'அப்' முன்னொட்டு சேர்ந்த 'அப் எலிஸ்', பெல்லிஸ் என்ற தனிக் குடும்பப்பெயராகவும் திரிந்தது. ஆகவே, பாலா நகருக்கு அருகே பிறந்து 1886இல் மெரியோனெத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரான தாமஸ் எட்வர்ட் எல்லிஸை, பெயர் ஒன்றைக் கொண்டு மட்டும் இங்கிலாந்தின் எல்லிஸ் குடும்பங்களோடு இணைத்துவிட முடியாது.

தந்தைவழி உறவுக்குப் பெயர் சான்றாகாது என்பதை அலெக்சாண்டர் ஜான் எல்லிஸின் வாழ்க்கை ஐயமற நிறுவுகிறது. 1814இல் பிறந்தபோது அவர் ஷார்ப் குடும்பத்துப் பிள்ளை. தாய்வழி உறவினர் ஒருவரின் பொருளுதவியை முன்னிட்டு 1825இல் எல்லிஸ் என்ற பெயரை ஏற்றார். பழைய ஆங்கில ஒலிப்பை ஆராய்ந்ததும், ஓர் எண்மத்தை 1200 'சென்ட்'களாகப் பகுத்து இசை இடைவெளிகளை அளக்க வழி கண்டதும் அவரே. தந்தைவழியை மட்டும் தேடும் ஆய்வாளர் இவரை எந்த எல்லிஸ் மரபிலும் கண்டுபிடிக்க இயலாது. எமிலி பிராண்டியோ 1847இல் 'வதரிங் ஹைட்ஸ்' நாவலை எல்லிஸ் பெல் என்ற புனைபெயரில் வெளியிட்டார். குடும்பப்பெயராக நிலைத்த எல்லிஸ் அங்கு மீண்டும் முன்பெயராக நிற்கிறது.

தமிழர் நன்கறிந்த எல்லிஸ், சென்னை மாவட்ட ஆட்சியராயிருந்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ். தம்மை எல்லீசன் எனத் தமிழ்ப்படுத்திக்கொண்டு திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் உரை கண்டவர். 1816இல், கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கண நூலுக்கு அளித்த முன்குறிப்பில், தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவையல்ல, தமக்குள் உறவுடைய தனிக் குடும்பம் என்று வாதிட்டார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வருவதற்கு 40 ஆண்டுகள் முன்னரே வந்த வாதம் இது. இதில் அவர் கைக்கொண்ட நெறி நம் ஆய்வுக்கும் பொருந்தும். தெலுங்கில் நிறைந்திருந்த சமஸ்கிருதச் சொற்களை உறவுக்குச் சான்றாக அவர் ஏற்கவில்லை. வேர்களை வரிசைப்படுத்தி ஒப்பிட்ட பின்னரே முடிவு சொன்னார்.

குடும்பப்பெயர் ஆய்விலும் திருச்சபைப் பதிவேடு, வரிப்பட்டியல், உயில் ஆகிய ஆவணங்களே உறவை நிறுவ வேண்டும். அவை கிடைக்காதவரை, இரு எல்லிஸ்கள் ஒரே குடியினர் என்ற கூற்றை ஆய்வு முடிவாக ஏற்க இயலாது.