பாஹியான் கண்ட அநுராதபுரம்

சீன நாட்டின் பழம்பெரும் நகராகிய சாங்-ஆனிலிருந்து கி. பி. 399ஆம் ஆண்டில் பௌத்தத் துறவியர் சிலர் மேற்றிசை நோக்கிப் புறப்பட்டனர். அவர்களுள் ஒருவர் பாஹியான். அப்பொழுது அவருடைய வயது அறுபதை எட்டியிருக்கும் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கணிப்பு. அவர் பொன்னும் மணியும் தேடிச் சென்றவரல்லர். துறவியரின் ஒழுக்கத்தை வகுத்துரைக்கும் விநய நூல்கள் சீன நாட்டில் குறைபட்டுக் கிடந்தன. அவற்றைப் புத்தர் பிறந்த நாட்டிலேயே தேடிப் பெறுவது ஒன்றே அவர் கொண்ட நோக்கம்.

பாலைவனத்தையும் பனிமலையையும் கடந்து வடஇந்தியா சேர்ந்த அவர், காசி, பாடலிபுத்திரம், கயை முதலிய இடங்களைக் கண்டார். பின்னர்த் தாமிரலிப்தித் துறைமுகத்தில் இரண்டாண்டுகள் தங்கி ஏடுகளைப் படியெடுத்தார். அங்கிருந்து கூதிர்காலக் காற்றின் துணையால் பதினான்கு நாட்கள் கடலில் சென்று இலங்கையை அடைந்தார். அது ஏறத்தாழக் கி. பி. 410ஆம் ஆண்டு. தெற்கே செல்லும் தரைவழி கடினமானது என்று கேள்வியுற்ற அவர் அவ்வழியை மேற்கொள்ளவில்லை. ஆகவே தமிழகத்தை அவர் கண்டதில்லை.

நகரின் தோற்றம்

அநுராதபுரம் அக்காலத்தில் செழிப்பின் உச்சியில் இருந்தது. வீதிகள் சமமாகவும் தூய்மையாகவும் இருந்தன. பெருவணிகரின் மாளிகைகள் அழகுடன் விளங்கின. நான்கு பெருந்தெருக்களின் முனைகளிலும் அறவுரை மண்டபங்கள் இருந்தன. பிறைநாட் கணக்கில் எட்டாம் நாளிலும் பதினான்காம், பதினைந்தாம் நாட்களிலும் அங்கே மக்கள் கூடி அறங்கேட்டனர். நகருக்குள் ஐயாயிரம் அல்லது ஆறாயிரம் துறவியர்க்கு அரசன் உணவளித்து வந்தான். பசித்தவர் தத்தம் பாத்திரத்தை ஏந்திச் சென்று வேண்டியதைப் பெற்று மீள்வர்.

வெள்ளரசு மரத்தையும் பாஹியான் குறிப்பிடுகிறார். சாய்ந்த மரத்திற்கு முட்டுக் கொடுத்திருந்ததைக்கூட அவர் கண்கள் தவறவிடவில்லை. கி. மு. 3ஆம் நூற்றாண்டில் சங்கமித்திரை கொண்டு வந்த கிளையிலிருந்து வளர்ந்தது என்று போற்றப்படும் அம்மரம் இன்றும் வழிபடப்படுகிறது.

அவரை மிகவும் ஈர்த்தது புனிதப்பல் விழா. விழாவிற்குப் பத்து நாட்கள் முன்னரே அரச உடை தரித்த ஒருவன் யானைமீதமர்ந்து, முரசறைந்து செய்தி கூறுவான். போதிசத்துவரின் ஐந்நூறு பிறப்புக்களையும் காட்டும் உருவங்கள், உயிருள்ளவை போல் வண்ணந் தீட்டப்பட்டு, பாதையின் இரு மருங்கிலும் நிறுத்தப்படும். பின்னர்ப் புனிதப்பல் அபயகிரி விகாரைக்கு எழுந்தருளும். அங்கே தொண்ணூறு நாட்கள் வழிபாடு நிகழும்.

இரு விகாரைகள்

நகரின் சமய வாழ்வில் பழமையான மகாவிகாரையும், பிற்காலத்தெழுந்த அபயகிரி விகாரையும் தலைமை பெற்றிருந்தன. இவற்றிடையே நெடுங்காலப் பூசல் இருந்தது. பாஹியான் வருவதற்குச் சில தலைமுறைகளுக்கு முன் ஆண்ட மகாசேனன் மகாவிகாரையை இடித்தான் என்றும், அவனை அவ்வாறு தூண்டியவர் சோழ நாட்டிலிருந்து வந்த சங்கமித்திரர் என்னும் பிக்கு என்றும் மகாவம்சம் கூறுகிறது. பின்னர் அவ்விகாரை மீண்டும் எழுந்தது.

மகாவம்சம் மகாவிகாரைத் துறவியர் மரபில் எழுந்த நூல். அதனை மட்டும் கற்போர்க்கு அபயகிரியார் நெறி பிறழ்ந்த சிறு பிரிவினர் என்றே தோன்றும். ஆனால் எப்பக்கமும் சாராத பாஹியான் தரும் தொகை வேறு. அபயகிரியில் ஐயாயிரவர், மகாவிகாரையில் மூவாயிரவர், மிகிந்தலையில் இரண்டாயிரவர். இத்தொகைகள் எண்ணிக் கண்டவையல்ல, கேட்டறிந்தவை என்பது உண்மையே. ஆயினும் எது பெரிய விகாரை, அரசு விழா எங்கே நிகழ்ந்தது என்பவற்றில் அயல்நாட்டு விருந்தினர் பொய்யுரைக்க வேண்டிய காரணம் யாதுமில்லை. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு சங்கத்தை மகாவிகாரை மரபின்கீழ் ஒன்றாக்கினான். அபயகிரியாரின் வரலாற்று நூல்கள் நமக்குக் கிடைக்கவில்லை. தோற்றவர் எழுதிய ஏடு அழிந்த இடத்தில், வழிப்போக்கர் எழுதிய குறிப்பே சான்றாக நிற்கிறது.

வெண்பட்டு விசிறி

அபயகிரியின் மண்டபமொன்றில் இருபது முழத்திற்கு மேற்பட்ட பச்சைக்கல் புத்தர் உருவம் இருந்தது. ஒரு நாள் அதன் முன்னே வணிகன் ஒருவன் வெண்பட்டு விசிறியொன்றைக் காணிக்கையாக வைப்பதைப் பாஹியான் கண்டார். அது சீன நாட்டு விசிறி. உடன் புறப்பட்டவருள் சிலர் வழியில் மாண்டனர். சிலர் பிரிந்து சென்றனர். இறுதிவரை உடனிருந்த தாவோ-செங் பாடலிபுத்திரத்திலேயே தங்கிவிட்டார். பல்லாண்டுகளாகத் தாய்நாட்டு மனிதரையும் மலையையும் மரத்தையும் காணாத அம்முதியவர், விசிறியைக் கண்டதும் கண்ணீர் பெருக்கினார். அதனை மறைக்காமல் தம் நூலில் எழுதியும் வைத்தார்.

எனினும் அவர் உடனே ஊர் திரும்பவில்லை. ஈராண்டுகள் தங்கி, மகீசாசக விநயம், தீர்க்க ஆகமம், சம்யுக்த ஆகமம் முதலிய வடமொழி நூல்களைத் தேடிப் பெற்றார். ஒருமுறை இந்தியத் துறவி ஒருவர் புத்தரின் திருவோட்டைப் பற்றி ஓதக் கேட்டு, அதனைப் படியெடுக்க விரும்பினார். அதற்கு ஏடில்லை, வாய்மொழியாகவே வழங்குகிறது என்று அத்துறவி கூறிவிட்டார். எழுதப்படாத கல்வி எத்துணை எளிதில் மறையும் என்பதைப் பாஹியான் அறியாதவரல்லர்.

கடல்வழியில் வந்த இடர்

திரும்புங்கால் இருநூறு பேருக்கு மேல் சென்ற பெருங்கலத்தில் அவர் ஏறினார். இரண்டாம் நாளிலேயே புயல் எழுந்தது. கலத்தில் நீர் புகுந்தது. வணிகர் தம் சரக்குகளைக் கடலில் எறிந்தனர். பாஹியான் தம் நீர்க்குடத்தையும் எறிந்தார். ஏடுகளையும் எறிந்துவிடுவரோ என்பதே அவருடைய அச்சம். பதின்மூன்று நாட்களுக்குப் பின் ஒரு தீவின் கரையில் பழுது நீக்கப்பட்டது. தொண்ணூறு நாட்களுக்கு மேல் சென்று யே-போ-தி என்னும் நாட்டை அடைந்தனர். அது சாவகம் என்பர் பலர். போர்னியோ என்பாரும் உளர். பிராமண சமயம் அங்கே தழைத்திருந்தது என்றும், பௌத்தம் குறிப்பிடத்தக்க நிலையில் இல்லை என்றும் அவர் எழுதினார். மலாய்த் தீவுக்கூட்டத்தின் தொல்வரலாறு பற்றிக் கிடைக்கும் மிகச் சில கண்கண்ட சான்றுகளுள் இதுவும் ஒன்று.

ஐந்து மாதங்களுக்குப் பின் வேறொரு கலமேறினார். மீண்டும் புயல் வந்தது. பௌத்தத் துறவி உடனிருப்பதே கேட்டிற்குக் காரணம் என்று கூறி, அவரைத் தீவொன்றில் இறக்கிவிடச் சில பிராமணர் முனைந்தனர். அவருடைய புரவலர் ஒருவர் தடுத்ததால் உயிர் தப்பினார். கி. பி. 412இல் சாண்டுங் கரையை அடைந்தபொழுது ஏடுகள் அவரிடம் பத்திரமாக இருந்தன. மகீசாசக விநயம் முழு நூலாக இன்று கிடைப்பது சீன மொழிபெயர்ப்பில் மட்டுமே. எறிவதா வைப்பதா என்ற அந்த ஒரு நாள் வேறுவிதமாக முடிந்திருப்பின், அந்நூல் முழுமையாகக் கிடைத்திராது.

தமிழர் தொடர்பு

அநுராதபுரம் என்றதும் எல்லாளனையும் துட்டகைமுனுவையும், கி. பி. 993இல் இராசராசன் படை அந்நகரை அழித்ததையுமே தமிழர் பலர் நினைப்பர். போர் மட்டுமே அந்நகரோடு தமிழர்க்கு இருந்த உறவன்று. தமிழ் இல்லறத்தாரின் கூட்டமண்டபத்தைக் குறிக்கும் பிராமிக் கல்வெட்டு அங்கே உள்ளது. மரக்கலத் தலைவன் ஒருவனின் இருக்கையும் அதில் குறிக்கப்பட்டுள்ளது. சோழ நாட்டு உறையூரினர் எனப்படும் புத்ததத்தர் மகாவிகாரையில் கற்று, காவிரிப்பூம்பட்டினத்தில் இருந்து பாலி நூல் இயற்றினார். ஆகவே அபயகிரிக்காக வழக்காடிய சங்கமித்திரரும் தமிழகத்தவர்; மகாவிகாரையில் மாணவராக இருந்தவரும் தமிழகத்தவர். நகரின் பூசலை இனப்பூசல் என்று மட்டும் படிப்போர் இவ்விருவரையும் ஒருங்கே விளக்க இயலாது.

காடு மூடிக் கிடந்த நகரம் 19ஆம் நூற்றாண்டில் வெளிப்படுத்தப்பட்டது. 1982இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அங்கே செல்லும் பயணி மகாவம்சத்தைக் கையில் கொண்டு செல்வது நன்று. பாஹியானின் சிறு நூலையும் உடன் கொண்டு செல்வாராயின், இடிபாடுகளுக்கிடையே ஒரு சாராரின் குரலை மட்டும் கேட்டுத் திரும்ப மாட்டார்.