வாழப்பாடி கூ. இராமமூர்த்தி

வாழப்பாடி கூ. இராமமூர்த்தி (1940–2002): தொழிற்சங்கவாதி, காங்கிரஸ் தலைவர், ஆறு முறை மக்களவை உறுப்பினர். சேலம் மாவட்டத்து வாழப்பாடிக்காரர். ஆனால் அவரை டெல்லிக்கு அனுப்பியது பெரும்பாலும் பழைய தர்மபுரி மாவட்டம்தான். 1977-இல் தர்மபுரியிலும், 1980 முதல் 1991 வரை நான்கு தேர்தல்களில் கிருஷ்ணகிரியிலும் வென்றார். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல்.

ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்ட 1991 மே மாதத்தில் மாநிலக் காங்கிரஸ் தலைவர் இவரே. அடுத்து நரசிம்ம ராவ் அரசில் தொழிலாளர் துறை இணையமைச்சரானார். தமிழகத்துக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. நீர் விடச் சொன்ன காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை மத்திய அரசு அரசிதழில் வெளியிடாமல் இழுத்தடிக்க, அதே ஆண்டில் பதவியைத் தூக்கியெறிந்தார். ஒகேனக்கல் வழியே காவிரி நுழையும் மண்ணின் பிரதிநிதி அவர். ஆற்றுநீருக்காக அமைச்சர் நாற்காலியை விட்டவர்கள் தமிழக அரசியலில் அரிது.

பின்னர் திவாரி காங்கிரஸ், தமிழக ராஜீவ் காங்கிரஸ் எனப் பாதை மாறியது. 1998-இல் சேலத்தில் வென்று வாஜ்பாய் அரசில் பெட்ரோலியத் துறை அமைச்சரானார். 1999-இல் அங்கேயே தோற்றார்.