தஞ்சைக் கலைக்கூடமும் விடையில்லாத விடைவாகனரும்

திருக்கோயில்களிற் பண்டு எழுந்தருளுவிக்கப்பெற்ற செப்புத் திருமேனிகளுட் பல, இன்று கலைக்கூடங்களிற் காணப்படுகின்றன. அவற்றின் அழகு கண்ணுக்குப் புலனாவது. வரலாறோ ஆராய்ந்து தெளியற்பாலது. இவ்வுண்மைக்குச் சான்றாவது, தஞ்சை அரண்மனையில் 1951ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற கலைக்கூடத்தில் உள்ள விடைவாகனத் திருமேனி.

காவிரியின் வடகரையில், மூவர் பாடலும் பெற்ற திருவெண்காட்டில் நிலத்திற் புதையுண்டு கிடந்த திருமேனிகள் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெளிப்பட்டன. அவற்றுள் மாதொருபாகர் திருமேனி சென்னை அருங்காட்சியகத்தைச் சார்ந்தது. விடைவாகனர் முதலியோர் தஞ்சையை அடைந்தனர். பகையச்சம் நேர்ந்துழித் திருமேனிகளை மண்ணுட் புதைத்துக் காத்தல் பண்டை வழக்கு. புதைத்தோர் மீண்டு வந்து எடாமையின், அவை பன்னெடுங்காலம் மறைந்து கிடந்தன.

இத்திருமேனி இருகரம் உடையது. சடை அரவொடு பிணைந்து தலைப்பாகைபோற் சுற்றப்பெற்றுளது. ஒருகால் ஊன்றி நிற்ப, மற்றொருகால் அதன் குறுக்கே அமைந்துளது. வலக்கை மடிந்து, ஒன்றன்மேற் சார்ந்திருப்பதுபோல நீண்டுளது. சார்தற்குரிய பொருளோ அங்கில்லை. தனியே வார்க்கப்பெற்ற விடை இழந்துபட்டது. அஃதின்மையால், காண்போர் இவரை அரசரென்றோ ஆயரென்றோ கருதினும் வியப்பின்று.

இவ்வையத்தை நீக்குவது திருவெண்காட்டுக் கோயிற் கல்வெட்டு. முதலாம் இராசராசனது 26ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 1011இல், இடபவாகன தேவர் திருமேனி அங்கு இருந்தமை அதனாற் புலனாகின்றது. அவர்தம் தேவியார் திருமேனி அடுத்த ஆண்டைச் சார்ந்தது. சோழர் வார்ப்புக்களுட் காலம் துணியப்பெற்றவை மிகச் சிலவே. ஏனையவற்றின் காலத்தை, இத்தகையவற்றோடு ஒப்புநோக்கியே அறிஞர் வரையறுப்பர். ஆகலின் ஒரு கல்லெழுத்தின் பயன் ஓர் உருவளவில் நில்லாது, பிறவற்றிற்கும் அளவுகோலாயிற்று.

ஈண்டு அறியத்தக்கது ஒன்றுண்டு. கலைக்கூடம் உருவைக் காத்தது. கோயிற் சுவர் அதன் பெயரையும் காலத்தையும் காத்தது. கிடைத்த இடம் இன்னதென்று அறியப்பட்டமையாலேயே இரண்டும் ஒன்றுகூடின. களவிற் பெயர்க்கப்பட்டு, ஊர்ப்பெயர் மறைக்கப்பட்டு, வேற்றுநாடு சென்ற திருமேனிகளுக்கு இவ்வியைபு எளிதில் வாய்ப்பதன்று. அவை அழகுடையவாயினும் ஊரும் பேரும் இழந்தனவாம். எனவே தஞ்சையில் விடைவாகனரைக் கண்டோர், திருவெண்காட்டிற்கும் சென்று அக்கோயிலைக் காண்டல் வேண்டும். அப்பொழுதே கலைக்கூடத்திற் கண்ட காட்சி நிறைவுறும். சிதைந்துவரும் கல்வெட்டுக்களைப் படியெடுத்துப் போற்றுதலும், திருமேனிகளைப் போற்றுதலோடு ஒத்த கடனேயாம்.