கறுப்புப் புத்தகமும் கடைசி பெஞ்சும்

‘அடியாத மாடு படியாது’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மாட்டையும் மாணவனையும் ஒரே கயிற்றில் கட்டும் இந்தப் பழமொழியில் நம் வகுப்பறையின் வரலாறு கிடக்கிறது. ஒரு பையன் ‘மிஞ்சிப் போறான்’ என்பதை யார், எந்தக் கணத்திலிருந்து பதிவு செய்கிறார்கள் என்பதே என் கேள்வி.

திண்ணைப் பள்ளிக்குப் பதிவேடு தேவைப்படவில்லை. பிரம்பும் கோதண்டமும் போதும்; கயிற்றில் தொங்கிய உடலே மற்றவர்களுக்குப் பாடம். வாத்தியார் இல்லாத நேரத்தில் சட்டாம்பிள்ளை மேய்த்தான். 1789-இல் சென்னை எழும்பூர் ஆண் அநாதைகள் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், நம்மூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையை அங்கே உருவாக்கி, 1797-இல் லண்டனில் அதைப் பற்றிய நூலை வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ கடல் கடந்தது. பிரம்பைக் குறைக்க அவர் கண்ட கருவி கறுப்புப் புத்தகம். குற்றங்கள் அதில் ஏறின; சக மாணவர்களே தீர்ப்புச் சொன்னார்கள். தண்டனை உடலை விட்டுக் கண்காணிப்புக்கு நகர்வதைப் பூக்கோ 1975-இல் எழுதியபோது, இத்தகைய பள்ளிகளும் அவர் பார்வைக்குள் வந்தன.

ஆனால் இங்கே பிரம்பு நகரவில்லை. தமிழகக் கல்வி விதிகள் அதை விலக்க 2003 வரை ஆனது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்தது. கறுப்புப் புத்தகம் மட்டும் வேறுவேறு பெயர்களில் அப்படியே இருக்கிறது.

அப்படி ஒரு நோட்டில் நானும் எழுதியிருக்கிறேன்: ‘ஆசிரியரை எதிர்த்துப் பேசினான். டெஸ்க்கைத் தள்ளினான்.’ இரண்டும் உண்மை. அதற்கு முந்தைய பத்து நிமிடம் அதில் இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டும் அவன் நிமிரவில்லை. கால் ஆடிக்கொண்டே இருந்தது. பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினான். நான் என்ன செய்தேன்? கிட்டப் போய், தலைக்கு மேலே நின்று, ‘என்னடா மொறைக்கிற? எழுந்திரு’ என்றேன். அறுபது கண்கள் அவன்மேல். உட்கார்ந்தால் தோல்வி, எழுந்தால் அதைவிடத் தோல்வி. டெஸ்க்கைத் தவிர அவனுக்கு நான் எதை மிச்சம் வைத்தேன்?

‘அப்ப வாத்தியார் அடி வாங்கணுமா?’ என்று தோழர்கள் கேட்கக்கூடும். 2012 பிப்ரவரியில் சென்னையில் ஓர் ஆசிரியை வகுப்பறையிலேயே மாணவனால் கொல்லப்பட்டார். ஆசிரியரின் பயம் பொய்யல்ல. அந்தப் பயத்தோடுதான் சொல்கிறேன்: கால் ஆடும்போதே பார்க்கத் தெரிய வேண்டும். அப்போது குரலை இறக்கலாம். இரண்டடி தள்ளி நிற்கலாம். ‘அப்புறம் பேசலாம்பா, தண்ணி குடிச்சிட்டு வா’ என்று வெளியேற ஒரு வழி விடலாம். இதையும் அதிகாரத்தின் மென்மையான தந்திரம் என்று சொல்லலாம், மறுக்க மாட்டேன். ஆனால் பார்வையாளர்கள் முன்னால் ஒருவனை மூலையில் நிறுத்துவதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு.

அதற்குப் பிறகு என் நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டேன். இடது பக்கம் அவன் செய்தது. வலது பக்கம் அதற்கு முன் நான் செய்தது. பல நாள் வலது பக்கம்தான் முதலில் நிரம்பியது.