கழிவு விலையில் கிடைக்கும் வரலாறு



ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையும் கணினி விளையாட்டுகளின் மலிவு விற்பனையும் ஒரே காலத்தில்தான் வருகின்றன. நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி இது: "வரலாற்றுப் போர் விளையாட்டு என்று பிள்ளை ஒன்றைக் கேட்கிறான். பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கிறதாம். வாங்கித் தரலாமா?"

வாங்கித் தரலாம் என்பதே என் கருத்து. ஆயினும், விலையைப் பார்க்கும் முன் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. அவ்விளையாட்டு எந்த ஆண்டில் வெளிவந்தது என்பதே அது. மிகக் குறைந்த விலைக்கு வருவது பெரும்பாலும் பழைய பதிப்பு. பழைய பதிப்பில் இருப்பது பழைய வரலாற்றுப் பார்வை. அப்பார்வையில் தமிழர்க்கு இடமே இல்லாமலும் போகலாம். இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

பெட்டியில் வந்த காலம்

லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ளது சிம் லிம் ஸ்குவேர். அது 1987-இல் திறக்கப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 1985-இல், ஃபூனான் நிலையம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள், சிங்கப்பூரில் கணினி தொடர்பான எதை வாங்குவதென்றாலும் மக்களின் கால்கள் இவ்விரண்டு இடங்களையே நாடின. கணினி விளையாட்டுகள் அக்காலத்தில் அட்டைப் பெட்டிகளில் வந்தன. உள்ளே குறுந்தட்டும் கையேடும் இருக்கும்.

இப்பெட்டிகளின் விலை ஏன் விரைவாகக் குறைந்தது? காரணம் எளியது. ஒரு விளையாட்டை உருவாக்கத்தான் பெருஞ்செலவு. உருவாக்கிய பின் படியெடுக்கும் செலவு மிகக் குறைவு. வெளிவந்த முதல் சில மாதங்களில் ஆர்வலர்கள் முழு விலை கொடுத்து வாங்கி விடுவர். அதன் பின் பெட்டி கடையின் அடுக்கில் உறங்கும். சதுர அடிக் கணக்கில் வாடகை கட்டும் கடைக்காரர்க்கு உறங்கும் பெட்டி சுமையே. எனவே அது கழிவு விலைக்கு வந்து சேரும். சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை, 2017 ஜூலை 10-ஆம் நாள் மூடப்படும் வரை, நகரில் பழைய பொருள்களுக்குக் கைமாறும் இடமாக விளங்கியது. ஆயின் விளையாட்டுத் தட்டுகளைப் பழையதாக வாங்குவதில் ஒரு சிக்கல் இருந்தது. முதலில் வாங்கியவர் பதிவு எண்ணைப் பயன்படுத்திவிட்டால், அடுத்தவர்க்குத் தட்டு மட்டுமே மிஞ்சும்.

கள்ளத் தட்டுகளும் அக்காலத்தில் இருந்தன. 2005 ஜனவரியில் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் அவற்றின் மீதான பிடியை இறுக்கியது. பெட்டிகளின் காலத்தை முடித்து வைத்ததோ இணையம். 2003-இல் தொடங்கிய ஸ்டீம், 2008-இல் தொடங்கிய ஜிஓஜி போன்ற இணையக் கடைகளில் விளையாட்டுகள் பதிவிறக்கமாகவே விற்கப்படுகின்றன. அடுக்கும் வாடகையும் இல்லாததால் பெரும்பாலான விளையாட்டுகள் கடையை விட்டு நீங்குவதில்லை. இருபத்தைந்து ஆண்டுப் பழைய விளையாட்டும் நேற்று வெளிவந்ததும் அருகருகே நிற்கின்றன. விலையில்தான் வேறுபாடு.

விளையாட்டுகளில் நம் இடம்

இனி, அவ்விலை வேறுபாட்டுக்குள் மறைந்திருக்கும் வரலாற்றுக்கு வருவோம்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1997-இல் வெளியிட்ட ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் விளையாட்டில் 12 நாகரிகங்கள் இருந்தன. எகிப்து, கிரேக்கம், சுமேரியம், பாரசீகம், சீனம், ஜப்பான், கொரியா எல்லாம் இருந்தன, இந்தியா இல்லை. சிந்துவெளியும் இல்லை. 1999-இல் வந்த இரண்டாம் விளையாட்டு, இடைக்கால உலகைப் பற்றியது. அதிலிருந்த 13 நாகரிகங்களிலும் இந்தியா இல்லை. இராசராசனும் இராசேந்திரனும் வாழ்ந்த காலம் அவ்விளையாட்டின் காலத்திற்குள்தான் அடங்குகிறது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

2013-இல் வந்த கூடுதல் தொகுப்பில் 'இந்தியர்' என்ற ஒரே நாகரிகம் சேர்க்கப்பட்டது. காசுமீரம் முதல் குமரி வரை எல்லாரும் ஒன்று. 2016-இல் பர்மியர், கெமர், மலாய், வியட்நாமியர் ஆகியோர் வந்தனர். தென்கிழக்காசியாவுக்கு நான்கு இடம் கிடைத்த பிறகும் தென்னிந்தியாவுக்குத் தனி இடம் இல்லை. 2022 ஏப்ரலில்தான், 'இந்தியர்' என்ற பொதுப் பெயர் கலைக்கப்பட்டு, இந்துஸ்தானியர், வங்காளியர், கூர்ச்சரர், திராவிடர் என நான்காகப் பிரிந்தது. இராசேந்திர சோழன் பெயரிலேயே ஒரு தொடர் ஆட்டமும் அதில் இடம்பெற்றது. முதல் விளையாட்டிலிருந்து கணக்கிட்டால் 25 ஆண்டுகள்! சேரர், சோழர், பாண்டியர் மூவரையும் 'திராவிடர்' என்ற ஒரே பெயரில் அடக்குவது சரியா என்று உயர்நிலை மாணவர்களிடம் கேட்டால், நல்ல வகுப்பறை விவாதம் ஒன்று பிறக்கும்.

சிட் மையர் 1991-இல் உருவாக்கிய சிவிலைசேஷன் விளையாட்டின் கதை வேறு. அதில் தொடக்கத்திலிருந்தே இந்தியா உண்டு. ஆனால் கி.மு. 4000-இல் தொடங்கும் அவ்விளையாட்டில் இந்தியாவின் தலைவர் காந்தியடிகள்! அந்தக் காந்தி கணக்குப் பிழை ஒன்றால் அணுகுண்டு வீசுபவராகிவிட்டார் என்ற கதை இணையமெங்கும் பரவியது. உங்கள் பிள்ளைகளும் கேட்டிருப்பர். 2020-இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்பு நூலில், அப்படிப்பட்ட பிழை எதுவும் இருந்ததில்லை என்று சிட் மையரே மறுத்துவிட்டார். பலர் திரும்பத் திரும்பச் சொல்வதால் மட்டும் ஒரு செய்தி உண்மையாகிவிடாது என்ற வரலாற்றுப் பாடத்தை நடத்த இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

அத்தொடரின் ஏழாம் பதிப்பு 2025 பிப்ரவரியில் வந்தது. அதில்தான் சோழர் தனி நாகரிகமாக இடம்பெற்றனர். மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்ற பழைய வணிகக் குழுக்களின் பெயர்களும் அதில் உள்ளன.

இலவசமாகக் கிடைப்பதிலும் இக்கணக்கு உண்டு. குருசேடர் கிங்ஸ் இரண்டாம் விளையாட்டின் அடிப்படைப் பகுதி 2019-இல் இலவசமாக்கப்பட்டது. அதன் வரைபடத்தில் இந்தியா தெரியும், சோழநாடும் தெரியும். ஆனால் இந்திய அரசர் எவராகவும் விளையாட இயலாது. அதற்கு 2014-இல் வந்த கூடுதல் தொகுப்பைத் தனியே விலை கொடுத்து வாங்க வேண்டும். ஐரோப்பிய வரலாறு இலவசம். நம் வரலாற்றுக்குக் காசு!

நம் பிள்ளைகளின் சீன நண்பர்களுக்கு இக்குறை இல்லை. ஜப்பானின் கோயி நிறுவனம் 1985-லேயே சீனத்தின் மூன்று அரசுகளின் கதையை விளையாட்டாக்கிவிட்டது. அத்தொடரை விளையாடி, பின்னர் மூல நூலைத் தேடிச் சென்ற இளையர் பலர். விளையாட்டு வாசலாக இருக்கலாம் என்பதற்கு அது சான்று.

விளையாட்டு சொல்லாமல் விடுவது

இராசேந்திரனின் கடற்படை 1025-ஆம் ஆண்டளவில் ஸ்ரீவிஜயத்தின் மீது படையெடுத்தது. கடாரம், ஸ்ரீவிஜயம், பண்ணை, இலங்காசோகம், தலைத்தக்கோலம் முதலிய ஊர்களின் பெயர்கள் அவனது மெய்க்கீர்த்தியில் வரிசையாக வருகின்றன. 2025-இல் கங்கைகொண்ட சோழபுரத்தில் அதன் ஆயிரமாவது ஆண்டு நினைவு கொண்டாடப்பட்டது.

விளையாட்டில் இது வெற்றி. ஆட்டம் முடிந்தது. வரலாற்றிலோ கேள்வி அங்கேதான் தொடங்குகிறது. 1006-ஆம் ஆண்டளவில், இதே ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரையே கொடையாக அளித்தான். லெய்டன் செப்பேடுகள் இதனைக் கூறுகின்றன. இருபது ஆண்டுகளுக்குள் நட்பு ஏன் போராயிற்று? சீனத்திற்குச் செல்லும் கடல்வழி வணிகமே காரணம் என்பர் பலர். 1015-இலும் 1033-இலும் 1077-இலும் சோழர் தூதுகள் சீனத்துக்குச் சென்றன என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. வெற்றி பெற்ற பின் சோழர் இப்பகுதியில் நிலையான ஆட்சி அமைத்ததாகச் சான்றுகள் இல்லை. ஹெர்மன் குல்கே, கேசவபாணி, விஜய் சகூஜா ஆகியோர் தொகுத்து, 2009-இல் நம் சிங்கப்பூரிலேயே வெளிவந்த ஆங்கிலக் கட்டுரைத் தொகுப்பொன்று இப்படையெடுப்பை ஆராய்கிறது. ஆசிரியர்கள் தேடிப் படிக்க வேண்டிய நூல்.

படைகள் வந்து சென்றன. வணிகர்களோ முன்பும் வந்தார்கள், பின்பும் தங்கினார்கள். தென் தாய்லாந்தின் தக்குவாப்பாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஒரு குளத்தை மணிக்கிராமத்தாரின் பாதுகாப்பில் வைத்ததைச் சொல்கிறது. சுமத்ராவின் பாருஸ் பகுதியில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவைக் குறிப்பிடுகிறது. குளம் வெட்டியதும் கணக்கு எழுதியதும் விளையாட்டில் வெற்றியாக எண்ணப்படுவதில்லை. ஆயினும், இவ்வட்டாரத்தில் தமிழ் எழுத்தைக் கல்லில் விட்டுச் சென்றவர்கள் அவர்களே.

நம் தீவைப் பற்றிய கதை ஒன்றும் உண்டு. செஜாரா மெலாயு என்னும் மலாய் நூலில் ராஜா சூரான் என்ற இந்திய மன்னன், சீனத்தை வெல்லப் புறப்பட்டுத் தெமாசெக்கில் தங்குகிறான். செய்தி அறிந்த சீன அரசன் ஒரு கப்பலை அனுப்புகிறான். அதில் துருப்பிடித்த ஊசிகள், காய்த்துக் குலுங்கும் மரங்கள், பல் விழுந்த முதியவர்கள். "நாங்கள் புறப்பட்டபோது சிறுவர்களாக இருந்தோம், இந்த ஊசிகள் பருத்த இரும்புக் கோல்களாக இருந்தன, இந்த மரங்கள் விதைகளாக இருந்தன" என்கிறார்கள் அம்முதியவர்கள். சீனம் அவ்வளவு தொலைவா என்று மலைத்த மன்னன் திரும்பிவிடுகிறான். ஒரு வீரன்கூட மடியாமல் முடிந்த போர்! இம்மன்னன் இராசேந்திரனின் நிழல் என்று கருதும் அறிஞர்கள் உள்ளனர். இது கதை, கல்வெட்டு அன்று. கதைக்கும் கல்வெட்டுக்கும் உள்ள வேறுபாட்டையும் பிள்ளைகள் இதைக் கொண்டே அறியலாம்.

கல்வெட்டு என்றால், சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் நின்று, 1843-இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட கற்பாறையின் எஞ்சிய துண்டு தேசிய அரும்பொருளகத்தின் உடைமையாக உள்ளது. அதன் எழுத்துகள் இன்னும் முழுமையாகப் படிக்கப்படவில்லை. அதில் சோழரின் 'பரகேசரிவர்மன்' என்னும் பட்டத்தின் ஒரு பகுதி இருக்கலாம் என்று இயன் சின்க்ளேர் என்னும் ஆய்வாளர் 2019-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். முடிந்த முடிபு அன்று. ஆனால் பிள்ளையின் கண்களை விரியச் செய்யும் செய்தி.

வாங்குவோர் கவனத்திற்கு

1. எப்பதிப்பு என்று பாருங்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் விளையாட்டில் இராசேந்திரன் வேண்டுமெனில், 2019-இல் வந்த திருத்திய பதிப்பும், அதற்குமேல் 2022-இன் இந்திய அரசமரபுகள் தொகுப்பும் தேவை. அடிப்படை விளையாட்டு மட்டும் கழிவில் கிடைத்தால் போதாது. இரண்டும் சேர்ந்து விலை குறையும் வரை காத்திருக்கலாம். ஒவ்வொரு பருவத்திலும் மலிவு விற்பனை வருகிறது, அவசரம் வேண்டா.

2. கணினியின் திறனைப் பாருங்கள். வீட்டிலுள்ள பழைய கணினியில் புதிய விளையாட்டு ஓடாமல் போகலாம். ஸ்டீமில் வாங்கியதை 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்திற்கும் குறைவாக விளையாடியிருந்தால், திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம்.

3. ஸ்டீம் கணக்கு வைத்துக்கொள்ள 13 வயது நிறைந்திருக்க வேண்டும். தொடக்கநிலை மாணவர்க்குப் பெற்றோரின் கணக்கே பொருந்தும். அருகில் நீங்களும் இருங்கள். குருசேடர் கிங்ஸ் போன்றவற்றில் சூழ்ச்சியும் கொலையும் மிகுதி. அவை சிறுவர்க்கு ஏற்றவை அல்ல.

4. சிவிலைசேஷன் போன்ற விளையாட்டுகளின் உள்ளேயே வரலாற்றுக் குறிப்புகள் உள்ளன. அவற்றைப் பிள்ளை படிக்கட்டும். படித்ததைத் தமிழில் பத்து வரி எழுதச் சொல்லுங்கள். கப்பல், துறைமுகம், திறை, தூது, முற்றுகை போன்ற சொற்கள் தாமாக நாவில் வரும்.

5. விளையாடி முடித்த வாரத்திலேயே, கேம்பல் லேனில் 2015-இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். திரையில் கண்ட மக்களின் வாழ்வைப் பொருள்களின் வழியாகக் காணட்டும்.

விளையாட்டு முடிந்ததும் பிள்ளையிடம் "வென்றாயா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "அந்த ஊரில் இருந்த மக்கள் என்ன ஆனார்கள்?" என்றும் கேளுங்கள். அவ்வினாவுக்கு விளையாட்டில் விடை இராது. விடை தேடிப் பிள்ளை புத்தகத்தைத் திறந்தால், நீங்கள் கொடுத்த சில வெள்ளி வீண் போகவில்லை என்று பொருள்.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியர்